கள்வரும் காண்போரும்: போதைப்பொருட் குற்றப் படங்கள் பற்றிய கருத்துகள்

தோற்றுவாய்

போதைப்பொருள் வணிகக் கூட்டத்தாரைப் பொருளாகக் கொண்டு, விரைவும் பொலிவும் மிக்க நடையில் அமைந்த குற்றக் கதைகள் அண்மைக் காலத்தே தமிழ்த் திரையில் பெருவரவேற்புப் பெற்றுள்ளன. லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘கைதி’ 2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாளும், ‘விக்ரம்’ 2022ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாளும் வெளிவந்தன. இவற்றைப் பற்றிக் காண்போர் கூறும் கருத்துகளை ஆராய்தல் தமிழாராய்ச்சியின்பாற் படுமோ என ஐயுறுவார் உளர். காண்போர் உள்ளத்து நிகழ்வதற்கும் இலக்கணம் காண முயன்ற மொழி நம்முடையது. மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், செய்து காட்டுவோன் செய்வது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டினர். ஆதலின் அவ்வையத்திற்கு இடமின்று.

இருவகைக் கருத்து

மஞ்சள் வணிகத்தாலும் நாகசுர வித்துவான் கிருஷ்ணனாலும் பெயர்பெற்ற நாமகிரிப்பேட்டையில் இப்படங்களைப் பற்றி யாம் செவியுற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம். இது கணக்கெடுப்பு அன்று. பல்வேறு காலத்துப் பல்வேறு மாந்தரிடம் கேட்ட உரையாட்டே.

இளைஞர் பெரும்பாலார், ‘விக்ரம்’ படத்தின் இறுதியில் சூர்யா ஏற்ற ரோலக்ஸ் என்னும் பாத்திரம் தோன்றும் சில மணித்துளிகளையே முதற்கண் பாராட்டினர். அவர்தம் வழக்கில் ‘ஸ்டைல்’ என்னும் ஒரு சொல்லே அளவுகோல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இத்தகைய படங்கள் சிறுவரைத் தீநெறியில் உய்ப்பன என வெகுண்டுரைத்தார். இவ்விரு கருத்துகளும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஓரிடத்து ஒன்றுபடுகின்றன. படத்தின் பொலிவைப் பிரித்து ஆராயாது முழுமையாகக் கொள்கின்றார் ஒருவர். அவ்வாறே முழுமையாகத் தள்ளுகின்றார் மற்றொருவர். பொலிவு எவர்மேல் நிற்கின்றது என்னும் வினாவை இருவரும் எழுப்பினாரல்லர்.

அவ்வினாவை எழுப்பியோர் வேறிருவர். லாரித் தொழில் மிக்கது நாமக்கல் மாவட்டம். ஆண்டு லாரி ஓட்டி வாழும் ஒருவர், ‘கைதி’ படத்தைப் பற்றி, “பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுவதுபோல் இருக்கிறது, இறக்கி வைக்கிற வரையில் அவனுக்கு நிம்மதி இல்லை” என்றார். இரு மைந்தரை வளர்க்கும் தாய் ஒருவர், ‘விக்ரம்’ படத்தைப் பற்றி, “அத்தனை மருந்தைக் காட்டுகிறார்களே, அதைத் தின்று கெட்டுப்போன பிள்ளை ஒருவனைக் காட்டினார்களா?” என வினவினார். இவ்விரு கூற்றுகளே இக்கட்டுரைக்கு வித்தாயின.

மெய்ப்பாட்டு நெறி

தொல்காப்பியர் அச்சத்திற்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கொண்டனர். எனவே கள்வரைக் காட்டும் கதை இயல்பாகத் தோற்றுவிக்க வேண்டிய மெய்ப்பாடு அச்சமே. மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பனபற்றிப் பிறக்கும். ஒளியமைப்பு, இசை, சண்டைக்காட்சி ஆகியவற்றின் புதுமையும் பெருமையும் வியப்பை விளைத்தல் குற்றமன்று. பெருமிதமோ கல்வி, தறுகண், புகழ், கொடை என்பனபற்றி வருவது. கள்வரைக் கண்டு அஞ்சவேண்டிய உள்ளம் முதலில் வியந்து, பின்னர் அவ்வியப்பையே பெருமிதமாக அவர்க்கு வழங்கிவிடுமாயின் மெய்ப்பாடு இடம் மாறிற்று என்க. ரோலக்ஸ் தோன்றும் காட்சியில் நிகழ்வது இதுவே. தன் ஆள் ஒருவனைத் தானே கொல்லும் கொடியோனுக்கு அரங்கு அஞ்சவில்லை, ஆரவாரித்தது.

இம்மாற்றம் புதியதன்று. குண்டலகேசி முற்றும் கிடைத்திலதேனும், அதன் கதையை நீலகேசி உரையால் அறிகின்றோம். கொலைக்களத்திற்கு இட்டுச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதலுற்றாள் பத்திரை என்னும் நங்கை. குற்றத்தின் பொலிவில் மயங்கிய காண்போர்க்கு அவளினும் தெளிவான சான்று வேண்டா. ஆயின் கதை அம்மயக்கத்தோடு முடியவில்லை. மணந்த கணவன் தன்னையே கொல்லத் துணிந்தமை அறிந்து, அவனை மலையுச்சியினின்று வீழ்த்தித் துறவு பூண்டாள்.

இக்கதைப் பகுதியைத் தழுவியே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் ‘மந்திரிகுமாரி’ படத்தை வெளியிட்டது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கிய அப்படத்தில், எஸ். ஏ. நடராஜன் ஏற்ற பார்த்திபன் கொள்ளையை ஒரு கலையென்றே பேசுகின்றான். மு. கருணாநிதி தீட்டிய உரையாடலும் நடிகரின் திறனும் அக்கொடியோனுக்குப் பெரும்பொலிவு தந்தன. எனினும் அமுதவல்லி அவனை மலையினின்று தள்ளும் காட்சியில் அப்பொலிவின் விலை இன்னதென்பதைக் காண்போர் உணர்கின்றனர். கள்வனுக்குப் பொலிவு தருதல் தீதன்று. தந்த பொலிவுக்குக் கணக்கு ஒப்புவியாமையே தீது என்பது இதனாற் பெறப்படும்.

இரு படங்கள்

இவ்வளவுகோலால் நோக்கின் இரு படங்களும் வேறுபடுகின்றன. ‘கைதி’ ஓரிரவில் நிகழ்வது. பாடற் காட்சியும் காதற்பகுதியும் இல்லாதது. சிறைமீண்டு மகளைக் காண விழையும் டில்லி, நஞ்சு கலந்த மதுவால் உணர்விழந்த காவலர் பலரை லாரியிலேற்றிச் செல்கின்றான். ஈண்டு மயக்கப்பொருள் மாந்தரைச் சுமையாக்கிவிடுகின்றது. அச்சுமையின் கனத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் காண்கின்றோம். ஜார்ஜ் மரியான் ஏற்ற நெப்போலியன் என்னும் எளிய காவலர், மாணவர் சிலரைத் துணைக்கொண்டு காவல் அலுவலகத்தைக் காத்து நிற்கின்றார். பெருமிதம் தறுகண் உடையார்மேல் நிற்கின்றது. லாரி ஓட்டுநர் கண்டுரைத்த ‘இறக்கி வைக்கிற வரையில்’ என்னும் கடப்பாடே படத்தின் உயிர். இறுதியில் எந்திரத் துப்பாக்கி முழங்கும் பகுதியில் இக்கட்டுக்கோப்புத் தளர்ந்து வெறும் மருட்கை மேலோங்குகின்றமையையும் கூறாதிருத்தல் நடுவுநிலையன்று.

‘விக்ரம்’ கலைத்திறனில் குறைந்ததன்று. கமல்ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில் மூவரின் நடிப்பும், கிரீஷ் கங்காதரனின் ஒளிப்பதிவும், அனிருத்தின் இசையும் செறிந்தமைந்தன. போதையற்ற சமூகம் வேண்டும் என்பது அதன் தலைவன் வாய்மொழி. ஆயின் காட்சி யாது கூறுகின்றது? மதுவிலும் போதையிலும் வீழ்ந்தவனாக முற்பகுதி நமக்குக் காட்டும் கர்ணன் உண்மையில் வேடம் பூண்ட வீரன். போதைப்பொருளை வாயிலிட்ட சந்தனமோ தளர்ச்சி நீங்கி மிகுவலி பெறுகின்றான். நலிந்தோனாகக் காட்டப்பட்டவனது நலிவு பொய். மெய்யாக நுகர்ந்தவனுக்கு விளைந்தது வலிமை! பிணியும் வருத்தமும் இளிவரலுக்கு நிலைக்களன் என்றனர் தொல்காப்பியர். போதைப்பொருளைப் பற்றிய கதைக்கு இன்றியமையாத அம்மெய்ப்பாடு இப்படத்தில் இடம்பெறவில்லை. நாமகிரிப்பேட்டைத் தாயின் வினா சுட்டியது இக்குறையையே. சொல் ஒன்று கூற, காட்சி வேறொன்று கூறுமிடத்துக் காண்போர் நெஞ்சில் நிற்பது காட்சியே ஆதலின், இளைஞர்தம் ஆரவாரத்திற்கு அவரை மட்டும் பழித்தல் பொருந்தாது.

முடிவுரை

இப்படங்கள் அறவுரை பகர வேண்டும் என்பது எம் கருத்தன்று. ‘விக்ரம்’ படத்தில் அறவுரை இருந்தும் பயன்பட்டிலது. ஆசிரியர் வெகுண்டவாறு அவற்றை விலக்கி வைத்தலும் வழியன்று. விலக்கப்பட்ட பொலிவு மறைவில் மிகும். கள்வனை அழகுறக் காட்டும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அவன் விற்ற பொருளால் அழிந்த ஓருயிரையேனும் அதே அழகோடும் அதே அழுத்தத்தோடும் காட்டும் கடன் அவ்வுரிமையோடு பிறந்தது. இக்கடன் இறுக்கப்பட்டதா என்பதைத் திறனாய்வாளர் வினவுதற்கு முன்னரே ஊர்த் தாய் ஒருத்தி வினவிவிட்டாள். காண்போர் கருத்துகளைப் புகழ்ச்சி, இகழ்ச்சி என இரண்டாகப் பகுத்து எண்ணிக்கை கூறும் அளவில் நில்லாது, அவற்றுள் இத்தகைய வினாக்களைத் தேடி எடுத்து மெய்ப்பாட்டியல் நெறியிற் பொருத்திக் காணுதல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாம்.