கூண்டில் தனியே நிற்கும் ஐந்து நிமிடம்

பிபிசி தொலைக்காட்சியின் 'யங் மியூசிஷியன்' போட்டியில் ரசிகர் வாக்குக்கு இடமில்லை. நடுவர்கள் வைத்ததுதான் சட்டம். 1978-ல் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்த பிரிட்டிஷ் போட்டியில் 18 வயது வரையுள்ளவர்கள் மோதுகிறார்கள். இறுதிச்சுற்றில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு கன்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியத்தை முன்னிறுத்தும் படைப்பு, வாசிக்க வேண்டும். முதல் பட்டத்தை வென்றது பியானோவும் அல்ல, வயலினும் அல்ல. மைக்கேல் ஹெக்ஸ்டின் டிராம்போன்!

டிராம்போனையும் வயலினையும் ஒரே தராசில் வைப்பது எப்படி? நியாயமான கேள்வி. வேகத்தை வைத்து அளக்க முடியாது. சுருதி பிசகாமல் வாசிப்பது இறுதிக்கு வரும் எல்லோருக்கும் கைவந்த கலை. அதனால் பாதி ஆட்டம் மேடையேறும் முன்பே, எந்தப் படைப்பை வாசிப்பது என்று முடிவெடுக்கும்போதே, நடந்துவிடுகிறது.

2016 இறுதிச்சுற்றைப் பாருங்கள். லண்டன் பார்பிகன் அரங்கில் மூன்று பேர்: பென் கோல்ட்ஷைடர் (ஹார்ன்), ஜெஸ் கில்லம் (சாக்ஸபோன்), நாட்டிங்காமின் 17 வயது ஷேக்கு கன்னே-மேசன் (செல்லோ). கன்னே-மேசன் எடுத்துக்கொண்டது ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கன்செர்ட்டோ. 1959-ல் ரஸ்ட்ரோபோவிச் என்ற செல்லோ அசுரனுக்காக எழுதப்பட்டது. முன்னுரை வாசித்து இடம் போட்டுத்தர ஆர்கெஸ்ட்ரா வராது. முதல் நொடியிலேயே செல்லோ நான்கு சுரங்களோடு இறங்கியாக வேண்டும்.

உண்மையான சோதனை மூன்றாம் பகுதியில். ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆர்கெஸ்ட்ரா முழுக்க வாய்மூடி உட்கார்ந்திருக்கும். செல்லோ மட்டும் பேசும். நம்மூர்த் தனி ஆவர்த்தனம் போலத்தான், ஆனால் தாளம் போட்டுக் கைகொடுக்க யாரும் கிடையாது. மெல்ல, தயங்கித் தயங்கித் தொடங்கி, படிப்படியாகச் சூடேறி, மூச்சுவிட இடைவெளி இல்லாமல் கடைசிப் பகுதிக்குள் பாய வேண்டும். சீக்கிரம் சூடேற்றினால் கடைசிப் பகுதிக்குக் கையில் சரக்கு இருக்காது; தாமதித்தால் அரங்கம் இருமத் தொடங்கிவிடும். எளிதாகக் கைதட்டல் வாங்கித்தரும் படைப்புகள் எத்தனையோ இருக்க, இந்தக் கூண்டுக்குள் தானாகப் போய் நின்றதில்தான் கன்னே-மேசனின் வெற்றி இருக்கிறது. இப்போட்டியில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இரண்டே ஆண்டில் இளவரசர் ஹாரியின் திருமணத்தில் வாசித்து உலகறிந்த முகமானார்.

2004-லும் இதே கணக்குதான். 16 வயது நிகோலா பெனடெட்டி, எல்லோருக்கும் மனப்பாடமான மெண்டல்சனையோ சைக்கோவ்ஸ்கியையோ தொடவில்லை. ஷிமனோவ்ஸ்கியின் முதல் வயலின் கன்செர்ட்டோவை எடுத்தார். உச்ச ஸ்தாயியில் கிசுகிசுப்பாக நுழைந்து, ஆரவாரமே இல்லாமல் அடங்கி முடிகிற படைப்பு. போட்டி மேடையில் இது சூதாட்டம். பலித்தது.

அன்று அவரிடம் தோற்றவர்களில் ஒருவர், ராவெலின் ஜி மேஜர் கன்செர்ட்டோவை வாசித்த பெஞ்சமின் குரோவ்னர். வயது 11! 2011-ல் லண்டன் 'ப்ராம்ஸ்' இசைவிழாவின் தொடக்க நாள் மேடையில் பியானோ வாசித்தார். டெக்கா இசைப்பதிவு நிறுவனமும் அதே ஆண்டு அவரை ஒப்பந்தம் செய்தது. பிறகு கன்னே-மேசனும் அங்கே வந்தார். அவரிடம் தோற்ற சாக்ஸபோன்காரர் கில்லமும்தான்.