காலை வணக்கம், நகைமொழி, வரலாற்றுத் துணுக்கு: சேலம் – நாமக்கல் வட்டாரப் புலனச் செய்திகளின் வடிவமும் சான்றுப் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் காலையில் பகிரப்படும் வணக்கம், நகைச்சுவை, வரலாற்றுத் துணுக்கு ஆகிய மூன்றையும் ஒரே தொடர்ச்சியுடைய உரைவகையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியில் புழங்கும் செய்திகள் இதற்குக் களமாகின்றன. வணக்கத்திற்குரிய மரியாதை வரலாற்றுக் கூற்றின்மீது எழவேண்டிய வினாவைத் தடுக்கிறது என்பதும், துணுக்கின் குறை அதன் சுருக்கத்தில் இல்லை, காலமும் இடமும் பொறுப்பாளரும் குறிக்கப்படாமையில் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: புலனம், காலை வணக்கம், துணுக்கு, நகைமொழி, வட்டார வரலாறு, சான்று

முன்னுரை

இணையவழிப் பகிர்வுகளைக் குறித்த தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இரு நிலைகளில் நின்றுவிடுகிறது. ஒன்று, அவற்றைப் பொழுதுபோக்கு எனக் கூறி ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்துவது. மற்றொன்று, அவை அனைத்தையும் பொய்ச்செய்தி எனக் கண்டிப்பது. இவ்விரு நிலைகளும் அச்செய்திகளின் வடிவத்தைக் கருத்திற்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் படித்துப் பிறருக்கும் அனுப்பும் ஓர் எழுத்து வகை, அதன் தரம் எத்தகையதாயினும், திறனாய்வுக்குரியதே.

காலை வணக்கச் செய்திகளின் பெருக்கம் இந்திய அளவில் முன்னரே கவனிக்கப்பட்டுள்ளது. இந்தியரின் கைப்பேசிகளில் நினைவகம் நிரம்பிவிடுவதற்கு இவ்வணக்கப் படங்களும் ஒரு காரணம் எனக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் கண்டதை 2018 சனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. அச்செய்தியில் வணக்கப் படம் ஒரு தொழில்நுட்பச் சுமையாகவே தோன்றியது. அதனைப் பெறுவோர் அதிலிருந்து எதனைப் பெறுகின்றனர் என்பது வேறு வினா.

இக்கட்டுரை எண்ணிக்கை வழிப்பட்ட கள ஆய்வன்று. முன்னாள் மாணவர், குடியிருப்போர், சரக்குந்துத் தொழில் செய்வோர், கோழிப்பண்ணையாளர் முதலியோரின் குழுக்களில் பொதுவாகச் சுற்றிவரும் செய்தி வகைகளை வடிவ நோக்கில் மட்டுமே அணுகுகிறது. தனிநபர் பெயரோ குழுக்களின் பெயரோ குறிக்கப்படவில்லை.

வணக்கத்தின் பயன்

செய்தி தெரிவிப்பதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே நிகழும் பேச்சினை 1923இல் வெளியான தம் கட்டுரையில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி தனிவகையாகப் பிரித்துக் காட்டினார். காலை வணக்கம் இவ்வகையினது. சேலம், நாமக்கல் பகுதிக்கு இதன் பொருத்தம் மிகுதி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் சரக்குந்து, ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழில்களுக்குப் பெயர்பெற்றவை. இத்தொழில்களில் ஈடுபட்டோர் வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருப்பர். அத்தகைய ஒருவரிடமிருந்து காலையில் வரும் தாமரைப் படத்தில் புதிய செய்தி ஏதும் இல்லை. அவர் நலமாக விழித்தெழுந்துள்ளார் என்பதே வீட்டார் அதிலிருந்து அறிவது. இந்நோக்கில் வணக்கச் செய்தியைப் பயனற்றது எனல் பொருந்தாது.

எனினும் இவ்வட்டாரத்தின் பழைய முகமன் முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கொங்கு வழக்கில் காலையில் எதிர்ப்படுவோர் ‘ஏனுங்க, சாப்ட்டீங்ளா’, ‘எங்கீங்க கெளம்பிட்டீங்க’ என வினவுவரேயன்றி வணக்கம் கூறுதல் அரிது. முகமன் வினா வடிவில் அமைவதால் விடை தேவைப்படுகிறது. விடையிலிருந்து உரையாடல் வளர்கிறது. ‘காலை வணக்கம்’ என்பதோ ஆங்கில முகமனை ஒட்டி நிலைபெற்ற தொடர். அதற்கு விடையாக அதே தொடரையோ ஒரு கைகூப்பும் படக்குறியையோ அனுப்பினால் போதும். ஏற்பதும் திருப்பித் தருவதுமே இங்கு மரபாகின்றன. இம்மரபு பின்வரும் செய்திகளுக்கும் நீள்கிறது என்பதே நாம் கருதத்தக்கது.

நகைமொழியும் பொய்ம்மொழியும்

வணக்கத்தை அடுத்து வருவது நகைச்சுவை. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியம், அது பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாகக் கூறுகிறது. புலன நகைச்சுவைகளில் ஓங்கி நிற்பதும் எள்ளலே. கணவன் – மனைவி, மருத்துவர் – நோயாளி, ஆசிரியர் – மாணவர் என்னும் இணைகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றுள் மனைவியை எள்ளும் துணுக்குகள் மிகுதி. ஆடவரும் பெண்டிரும் கலந்துள்ள குழுக்களிலும் அவை தடையின்றிப் பகிரப்படுகின்றன. காலை வணக்கத்துடன் சேர்ந்து வருவதை மறுத்துரைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும் என்பதால், அவற்றை விரும்பாதோர் பேசாதிருந்துவிடுகின்றனர். குழுவின் இசைவு எனத் தோன்றுவது பல வேளைகளில் இம்மௌனமே.

தொல்காப்பியச் செய்யுளியல் உரைவகைகளை நான்காகப் பகுக்குமிடத்தில் பொய்ம்மொழியையும் நகைமொழியையும் தனித்தனியே கூறுகிறது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு பேசுவதுபோல் உலகியலில் நிகழாதவற்றைக் கூறுவதைப் பொய்ம்மொழிக்கு விளக்கமாகத் தருகிறார் பேராசிரியர். இங்கே பொய் என்பது ஏமாற்றுதல் ஆகாது. கேட்போர்க்கு அது புனைவு என்பது முன்னரே தெரியும். நகைமொழி உலகியலோடு பொருந்திய செய்தியைக் கொண்டு நகையை விளைப்பது. இரண்டிலும் கூறுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உள்ளது.

புலனத்தின் வரலாற்றுத் துணுக்கு இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அது தன்னைப் புனைவு என அறிவிப்பதில்லை. மெய் என்பதற்குரிய சான்றையும் தருவதில்லை. வணக்கத்தின் மரியாதையையும் நகைச்சுவையின் நெகிழ்வையும் கடந்து வந்த வாசகரிடம், அவ்விரண்டையும் பெற்ற அதே மனநிலையில் அது ஏற்கப்படுகிறது. ‘இதற்கு ஆதாரம் யாது’ என்று வினவுவோர், ஒரு கூற்றை ஐயுற்றவராக அன்றி, நட்புடன் நீட்டிய கையைத் தட்டிவிட்டவராகப் பார்க்கப்படுகின்றனர். மூன்று பகுதிகளையும் பிரித்தறியாது ஒருங்கே ஆராய வேண்டியதன் காரணம் இதுவே.

துணுக்கின் முன்னோடிகள்

துணுக்கு புலனத்தோடு தோன்றியதன்று. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த ‘கல்கண்டு’ இதழ் துணுக்குச் செய்திகளாலேயே வாசகரைப் பெற்றது. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியின் தாள்களில் பொன்மொழிகள் இடம்பெற்றன. காலை நேரம், தகவல், நகைச்சுவை ஆகிய மூன்றையும் இணைத்ததில் புலனச் செய்திக்கு மிக நெருங்கிய முன்னோடி, தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’. தகவலைக் கூறி நகைச்சுவைக் கதையொன்றால் முடிக்கும் அவருடைய முறை தமிழகமெங்கும் அறியப்பட்டது.

இம்முன்னோடிகளில் பிழைகளே இல்லை என்பது வாதமன்று. இதழுக்கு ஆசிரியர் இருந்தார், முகவரி இருந்தது, பிழையைச் சுட்டி வாசகர் கடிதம் எழுத முடிந்தது. வானொலித் தகவலுக்கு ஒரு குரலும் ஒரு பெயரும் பொறுப்பேற்றன. புலனத்தில் ஒரு செய்தி கை மாறுகையில், முன்னர் அனுப்பியவரின் பெயர் அதனுடன் செல்வதில்லை. 2018இல் ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறியும், ஒரு முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாத வரம்பும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. பலமுறை கைமாறியவற்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என 2020இல் வரம்பு மேலும் இறுக்கப்பட்டது. இவை பரவலின் விரைவைக் குறைக்கலாம். எழுதியவர் யார் என்னும் வினாவுக்கு இவற்றில் விடை இல்லை.

மூன்று துணுக்குகள்

இவ்வட்டாரத்தைப் பற்றி அடிக்கடி பகிரப்படும் மூன்று கூற்றுகளை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ‘இந்தியாவின் முதல் மாவட்டம் சேலம்’ என்பது. 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலம் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகப் பொறுப்பேற்றார். அவருக்குக் கீழ்ப் பணியாற்றியோருள் தாமஸ் மன்றோவும் ஒருவர். ஆயின் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1772இலேயே, வங்காளத்தில் மாவட்ட ஆட்சியர் பதவி உருவாக்கப்பட்டது. எனவே ‘இந்தியாவின் முதல்’ என்பது நிற்காது. இங்கு இழப்பு பெருமையில் மட்டுமில்லை. ரீடும் மன்றோவும் இப்பகுதியில் மேற்கொண்ட நில அளவையும் உழவரோடு நேரடியாக வரி உறுதிசெய்யும் முயற்சியும் பின்னர் இரயத்துவாரி முறைக்கு அடிப்படையாயின. சேலத்தின் உண்மையான வரலாற்றுச் சிறப்பு அதுவே. ‘முதல்’ என்னும் சொல் அதனை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றியது. ‘தமிழின் முதல் வண்ணப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்பது துணுக்கின் வாசகம். 1956இல் வெளியான அப்படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பர் திரை வரலாற்றாசிரியர். சில காட்சிகள் மட்டும் வண்ணத்தில் அமைந்த படங்கள் அதற்கு முன்னரே வந்துவிட்டன. ‘முழுநீள’ என்னும் ஓர் அடை கைமாறும்போது உதிர்ந்துவிட்டது. துணுக்குகளில் பிழை நுழையும் வழிகளுள் இது பொதுவானது. எவரும் திட்டமிட்டுப் பொய் கூறவில்லை. வரையறைச் சொல் நீங்கியதும் கூற்று இன்னும் கவர்ச்சியாகிறது. கவர்ச்சியான வடிவமே மேலும் பரவுகிறது.

மூன்றாவது, தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட நாள். சூலை 31 அன்று ஒரு முறையும், ஆடிப்பெருக்கு நாளில் மறுமுறையும் நினைவஞ்சலிச் செய்தி வருகிறது. இரண்டும் 1805ஆம் ஆண்டையே குறிப்பதால், ஒன்று பிழை எனக் கருதி வாதிடுவோர் உளர். உண்மையில் முரண்பாடு இல்லை. தமிழ்ச் சூரிய ஆண்டு கிரெகோரிய ஆண்டினும் சில நிமிடங்கள் நீளமானது. ஆகவே தமிழ் மாதத் தொடக்கம் ஆங்கில நாட்காட்டியில் காலப்போக்கில் தள்ளிச் செல்கிறது. இன்று ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும் ஆடி 18, 1805இல் சூலை இறுதியை ஒட்டியே அமையும். ஒரு நிகழ்வை ஆங்கிலத் தேதியாலும் தமிழ்த் தேதியாலும் நினைவுகூர்வதால் விளைந்த இடைவெளி இது. காலக்கணிப்பைக் கற்பிக்கத்தக்க அரிய வாய்ப்பு, விளக்கம் இன்மையால் வீண் சச்சரவாகிறது.

துணுக்குகள் எல்லாம் பிழைபட்டவை என இதனால் கொள்ளலாகாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராசாசி அமைச்சரவையால் நடைமுறைக்கு வந்தது என்னும் துணுக்கு சரியானது. அதில் ஆண்டு, இடம், செய்தவர், ‘மாகாணத்தில்’ என்னும் வரையறை ஆகிய நான்கும் உள்ளன. சரிபார்க்க முனைவோர்க்கு அது வழிவிடுகிறது.

சுருக்கமும் சான்றும்

சுருக்கமாக இருப்பதால்தான் துணுக்கு பிழைபடுகிறது என்னும் கருத்தை இவ்வட்டாரத்தின் இரு எழுத்து வகைகள் மறுக்கின்றன. ஒன்று மிகப் பழையது, மற்றொன்று இன்றையது.

பழையது நடுகல். தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களின் எழுத்துகள் சில வரிகளே. அவற்றுள் பல அரசனின் ஆட்சியாண்டையும், வீரனின் பெயரையும், அவன் யாருக்காக, எந்நிகழ்வில் இறந்தான் என்பதையும் தருகின்றன. வரலாற்றாசிரியர் அவற்றைச் சான்றாகக் கொள்ள இயல்வது அவற்றின் நீளத்தால் அன்று, அவை தரும் குறிப்புகளால்.

இன்றையது முட்டை விலைச் செய்தி. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்திற்கென அறிவிக்கும் பண்ணை விலை, கோழிப்பண்ணையாளர் குழுக்களில் உடனுக்குடன் பகிரப்படுகிறது. ஒரு முட்டைக்கு இத்தனை பைசா என்னும் ஒற்றை வரி அது. தேதியில்லாத விலைச் செய்தியை எவரும் நம்புவதில்லை. எம்மண்டலத்திற்குரியது, யார் அறிவித்தது என்று உடனே வினவுவர். அவ்வினாவால் எவரும் மனம் வருந்துவதுமில்லை. அதே குழுவில், அதே காலைப்பொழுதில், நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வு பற்றிய கூற்று தேதியும் மூலமும் இன்றி ஏற்கப்படுகிறது. எனவே இம்மக்களுக்குச் சான்று கேட்கும் பழக்கம் இல்லை எனல் பிழையாகும். பொருளிழப்பு நேரும் இடத்தில் அப்பழக்கம் கூர்மையாக உள்ளது. வரலாற்றுப் பிழையால் இழப்பு நேரும் என்னும் உணர்வே இன்னும் உருவாகவில்லை.

அவ்விழப்பு உண்மையானது. வட்டார நாயகரைத் தத்தம் சாதிக்கு மட்டும் உரியவராக்கும் கூற்றுகளும் இதே காலைச் செய்தி வழியாகவே வருகின்றன. சான்று கேட்கும் பழக்கமற்ற குழுவில் அவற்றுக்குத் தடை இல்லை. கல்லூரிப் பயிற்சிக் கட்டுரைகளிலும் இத்துணுக்குகள் மூலம் குறிக்கப்படாமல் இடம்பெறத் தொடங்கிவிட்டன. அங்கிருந்து ஆய்வேடுகளின் மாவட்ட அறிமுகப் பகுதிக்குச் செல்ல அவற்றுக்கு நெடுந்தொலைவு இல்லை.

முடிவுரை

காலை வணக்கமும் நகைச்சுவையும் இணையக் குழுக்களில் உறவைப் பேணுகின்றன. அப்பயனை மறுக்க வேண்டியதில்லை. வரலாற்றுத் துணுக்கு அவற்றின் மரியாதையைத் துணைக்கொண்டு வினாவிலிருந்து தப்புவதே இடர்ப்பாடு. இதனை நீக்கத் துணுக்குகளைத் தடுப்பதோ எள்ளுவதோ வழியாகாது. இளங்கலை வகுப்பில் ஒரு துணுக்கை எடுத்து, லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் சேலம் விவரச்சுவடி (1918), தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பதிப்புகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, உதிர்ந்த அடைச்சொல்லைத் தேடச் செய்யும் பயிற்சியை எளிதில் மேற்கொள்ளலாம். அவ்வாறு பயின்ற மாணவர் மறுநாள் காலை தம் குழுவுக்கு அனுப்பும் துணுக்கில் ஆண்டும் இடமும் மூலமும் கூடுதலாக ஒரு வரி இருக்கும். வாசிப்போரின் நேரத்தை அவ்வரி மிகுதியாக எடுத்துக்கொள்ளாது. முட்டை விலைக்கு அளிக்கப்படும் கவனம் ஊரின் வரலாற்றுக்கும் கிடைக்க அது தொடக்கமாகும்.