மெல்முனைய வலையமைப்பும் 'வேகம்' என்னும் கருத்தும்: ஒரு நோக்கு

மெல்முனையக் கணினி வலையமைப்புப் பற்றிய கையேடுகளில் 'வேகம்' என்பது வெறும் பொறியியற் சொல்லாகவே கையாளப்படுகின்றது. அவ்வேகத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. 1999 இல் ஜிம் மக்குவிலன் தொடங்கிய லினக்ஸ் முனையச் சேவையகத் திட்டத்தின் வரலாற்றை இவ்வினாவுடன் நோக்குதல் பயனுடையது.

கழித்தொதுக்கப்பட்ட கணினிகளை வன்தட்டு இன்றியே இயக்கி, ஒரே சேவையகத்தின் செயலியையும் நினைவகத்தையும் மாணவர் பலர் பகிர்ந்துகொள்ளச் செய்தமை இத்திட்டத்தின் முற்போக்கான அம்சமாகும். வசதி குறைந்த பாடசாலைகளுக்கு அது வழிதிறந்தது. ஆயின், சாதனங்கள் ஓரிடத்திற் குவியும்போது முரண்பாடும் அங்கேயே குவிகின்றது. 1024 × 768 புள்ளிகள் கொண்ட திரைக்கு, புள்ளிக்கு 24 பிட் வீதம், செக்கனுக்கு 25 படங்களைச் சுருக்காது அனுப்பின் ஏறத்தாழ 47 கோடி பிட்டுகள் செல்லவேண்டும். செக்கனுக்கு 10 கோடி பிட்டுகளைக் கடத்தும் இணைப்பு இதனைத் தாங்காது. எழுத்து நிறைந்த திரைக்குப் போதுமாயிருந்த அமைப்பு அசையும் படத்தின் முன் தடுமாறியமைக்குக் காரணம் இதுவே.

கூறப்பட்ட பரிகாரங்கள் மூவகையின. சேவையகத்திற்குக் கிகாபிட் இணைப்பு இடுதலும் நினைவகத்தைப் பெருக்குதலும் முதல்வகை. இவை பணத்தாற் தீர்வன. திரைத்தரவின் மறைகுறியாக்கத்தை நீக்குதல் இரண்டாவது. இது சேவையகத்தின் சுமையைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால், கடவுச்சொல் காக்கப்படினும், அதன்பின் மாணவர் காண்பதும் எழுதுவதும் மறைப்பின்றிச் செல்லும். இங்கு வேகத்தின் விலை மாணவரின் அந்தரங்கமாகும். உலாவி போன்றவற்றை முனையத்திலேயே இயக்குதல் மூன்றாவது. பயன் மிகுந்தது இதுவே. ஆயின் அதற்கு வலுவான முனையம் வேண்டும்.

2019 இல் இத்திட்டம் மீள எழுதப்பட்டபோது, இயங்குதளத்தை வலையமைப்பினூடாகப் பெற்று, செயலிகளை முனையத்திலேயே ஓட்டும் முறை அடிப்படையாயிற்று. மெலிவைச் செம்மைப்படுத்தும் முயற்சி மெலிவையே மறுப்பதில் முடிந்தது எனலாம். இது முழுமையான மறுப்பன்று. வன்தட்டின்மையும் பொதுப் பராமரிப்பும் எஞ்சின. வெளியேறியவை மிகப் பழைய கணினிகளே. இதற்காகப் பொறியியலாளரைக் குறைகூறல் பொருந்தாது. நாளுக்குநாள் கனக்கும் வலைப்பக்கங்களைத் தீர்மானிப்போர் பாடசாலைக்கு வெளியே உள்ளனர்.

ஆகவே, ஒரு வலையமைப்பு எவ்வளவு வேகமானது எனக் கேட்குமுன், அவ்வேகத்திற்காக எந்தக் கணினி, எந்தப் பாடசாலை கைவிடப்படுகின்றது எனக் கேட்டல் வேண்டும். அக்கேள்வியை உள்ளடக்காத அளவுகோல் முழுமையான அளவுகோலாகாது.