உப்பு போற இடம் தெரியும், பிளாஸ்மா?

ரிச்சர்ட் டிட்மஸ் எழுதிய 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்' (1970) பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. வேதாரண்யத்தில் ஒரு ரத்ததான முகாமுக்குப் போய் வந்த பிறகுதான் என்ன எழுதறதுன்னு தெளிவாச்சு.

டிட்மஸ் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒப்பிடுகிறார். அமெரிக்காவில் ரத்தம் விலைக்கும் வாங்கப்பட்டது. பிரிட்டனில் முழுக்க இலவசக் கொடை. காசு தேவைப்படுகிறவர் தன் நோயை மறைப்பார், அதனால் விலைக்கு வாங்கிய ரத்தத்தில் கல்லீரல் அழற்சி பரவும் ஆபத்து அதிகம் என்கிறார். சந்தை உள்ளே வந்தால் முகம் தெரியாதவருக்குக் கொடுக்கும் குணமே தேய்ந்துவிடும் என்பது அவருடைய பெரிய வாதம். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1972-ல் இதைக் கேள்வி கேட்டார்: ஒருத்தர் விற்பதால், இலவசமாகக் கொடுக்க நினைக்கிற இன்னொருத்தருக்கு என்ன தடை?

நம்ம நாடு டிட்மஸ் பக்கம் நின்றது. 'காமன் காஸ்' வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நின்றது. நல்ல முடிவுதான். அமெரிக்காவில் இன்றைக்கும் பணம் வாங்கிக்கொண்டு வாரம் இரண்டு முறை பிளாஸ்மா கொடுக்கலாம்.

ஆனால் நாம் கொடுக்கும் ரத்தம் அப்படியே ஒரு நோயாளிக்குப் போவதில்லை. வசதியுள்ள ரத்த மையங்களில் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். மிஞ்சும் பிளாஸ்மா மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ஹீமோஃபீலியாக்காரர்களுக்கான உறைவுக் காரணிகள் என்று மாறுகிறது. லிட்டருக்கு 1,600 ரூபாய் பரிமாற்ற மதிப்பு என்று மத்திய சுகாதார அமைச்சகமே நிர்ணயித்தது. அந்த மதிப்புக்கு ஈடாக ரத்த மையம் கருவிகளோ பிளாஸ்மா மருந்துகளோ வாங்கிக்கொள்ளலாம்.

இதில் தப்பே இல்லை. அந்த மருந்து இல்லாவிட்டால் ஹீமோஃபீலியா உள்ள பிள்ளைக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கி, நடையே போய்விடும். மருந்து செய்ய ஆலை வேண்டும், ஆலைக்குப் பணம் வேண்டும்.

தப்பு வேற இடத்தில். முகாமில் ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்த தம்பியிடம், "பிளாஸ்மா எங்கப்பா போகும்?"னு கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க சார், ஜூஸ் குடிச்சுட்டுப் போங்க"ன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க ஊர் உப்பு எங்கே போகுதுன்னு லாரிக்காரரிடம் கேட்டால் ஊர் பேரோடு சொல்லிடுவார்.

டிட்மஸ் புத்தகத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்று ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் கொடையாளர்களிடம் கேட்டவர் அவர். கொடுத்தது எங்கே போகிறது என்று கொடையாளருக்குச் சொல்ல வேண்டிய கடமை அந்த வாதத்தில் கனமாக இல்லை. காசு கொடுத்தால் நம்பிக்கை கெடும் என்றார். சொல்லாமல் விட்டாலும் கெடும். "நாம சும்மா குடுக்கறோம், அவன் விக்கறான்"னு டீக்கடையில் இப்பவே பேச்சு இருக்கு. பாதி உண்மை அது. மீதியை யாரும் சொல்லாததால் அந்தப் பாதிதான் ஊரைச் சுத்துது.

முகாமில் தரும் படிவத்தில் இரண்டு வரி தமிழில் சேர்த்தால் போதும்: உங்கள் பிளாஸ்மா மருந்தாகலாம், அதற்கு இன்ன மதிப்பு, அது இன்னதற்குச் செலவாகும். படித்துவிட்டு யாராவது எழுந்து போனால் போகட்டும். நான் கையை நீட்டுவேன்.