சார்பட்டாவும் மெர்டேக்கா அரங்கமும்: குத்துச்சண்டை இரசனையின் அரசியல்

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) வடசென்னைக் குத்துச்சண்டையின்மீது அரசியலை வலிந்து ஏற்றுகின்றது எனக் குறை கூறுவோர் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று என்பது நம் துணிபு. ஒரு வீரனை இரசிகர் விரும்புவதும் வெறுப்பதும் அவன் கைத்திறத்தால் மட்டும் அமைவதில்லை. அவன் யாருடைய ஆள் என்னும் வினாவே முன்நிற்கின்றது.

இதற்குச் சான்று தேடிச் சென்னைவரை செல்ல வேண்டியதில்லை. 1957இல் நம் நாட்டின் விடுதலை முழக்கம் எழுந்த மெர்டேக்கா அரங்கில், 1975 ஜூலை 1இல் முகம்மது அலி பிரிட்டனின் ஜோ பக்னரை எதிர்கொண்டார். இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அப்போது ஒரு வாரங்கூட நிறைவடையவில்லை. 15 சுற்றுகள் நீண்ட அப்போட்டியில் அலி நடுவர்களின் ஒருமித்த முடிவால் வென்றார். விளையாட்டு என்ற அளவில் அது சிறந்த போட்டியன்று. பக்னர் பெரும்பாலும் தற்காப்பிலேயே நின்றார். ஆயினும் கோலாலம்பூர் அலியைக் கொண்டாடியது. 1964இல் அவர் இஸ்லாத்தைத் தம் சமயமாக அறிவித்ததும், 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்ததும் அவரோடு மேடையேறின எனலாம். அதே செயல்களுக்காக அமெரிக்க இரசிகருள் ஒரு சாரார் அவரை வெறுத்தமை இங்கு இணைத்து நோக்கத்தக்கது.

படம் இவ்வுண்மையை மேலும் ஒரு படி நுணுகிக் காண்கின்றது. கபிலன் வேம்புலியை வீழ்த்தும் தறுவாயில், தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதையொட்டி இரங்கன் வாத்தியாரைக் கைது செய்யக் காவலர் நுழைகின்றனர். வரலாற்றில் அக்கலைப்பு நிகழ்ந்த நாள் 1976 ஜனவரி 31. ஆனால் கபிலனை மேடையில் ஆடை களைந்து இழிவுபடுத்தத் துணிபவன் எதிரணியினன் அல்லன். சார்பட்டாவைச் சேர்ந்த தணிகாவே. சொந்தப் பரம்பரை தோற்றாலும் தோற்கட்டும், இவன் கையால் வெல்ல வேண்டா என்னும் சாதி மனம் அது. கட்சிச் சார்பைவிட ஆழமான இப்பிளவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய தமிழ்த் திரைப்படங்கள் மிகச் சிலவே. இறுதிப் போட்டியில் கபிலன் நீல அங்கியில் தோன்றுவதை இதனோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும். முன்னர் அவனைத் தாங்கிய கட்சியின் நிறமன்று அது.

படம் வெளிவந்தவுடன், எம்.ஜி.ஆர். காலம் தவறாகச் சித்திரிக்கப்பட்டுள்ளதென அ.தி.மு.க.வின் டி. ஜெயக்குமார் கண்டித்ததும் உதயநிதி ஸ்டாலின் பாராட்டியதும் நம் வாதத்திற்கே வலுச் சேர்க்கின்றன. திரைக்கு வெளியிலும் இரசனை கட்சிவழியே பிரிந்தது.

குறையும் உண்டு. வேம்புலியின் இரசிகர்களுக்குப் படத்தில் முகமே இல்லை. அவர்கள் அவனை ஏன் நேசித்தனர் என்பதை இயக்குநர் வினவவில்லை. அதனால் இடியாப்பப் பரம்பரை வெறும் எதிர்ப்பக்கமாகச் சுருங்குகின்றது. டான்சிங் ரோஸ் மட்டும் இதற்கு விலக்கு. எதிரணியினன், கபிலனிடம் தோற்றவன். எனினும் பார்வையாளர் பலர் அவனுக்காகவே படத்தை மீண்டும் பார்த்தனர். அவன் தோளில் எக்கட்சியின் நிறமும் இல்லை. இப்படத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள் கபிலனை விடுத்து அவனிடமிருந்து தொடங்கலாம் எனக் கருதுகின்றோம்.