சுராங்கனி: வெற்றொலியா, பொருளா?

ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' தமிழகத்தில் கேளிக்கைப் பாட்டாகவே கொள்ளப்பட்டது. அதன் சிங்களச் சொற்கள் தாளத்தை நிரப்பும் வெற்றொலிகளாகக் கருதப்பட்டன. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியையே அச்சொற்கள் கூறுகின்றன. பாக் நீரிணையை நோக்கிய உப்பூர்க் கரையில் இதைவிடப் பழகிய செய்தி வேறென்ன? ஆட்டத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லால் பெயர்பெற்ற பைலாவின் தாளத்தில் சிங்களமும் தமிழும் உறுத்தலின்றி இணைகின்றன. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இதனைக் கையாண்டபின் மெட்டு மேலும் பரவியது, பொருள் கவனிக்கப்படவில்லை. ஈழத்துப் பொப்பிசையை மெல்லிசை எனத் தள்ளிவிடும் ஆய்வு மரபு, 1983க்கு முன் இருமொழியும் ஒரே பாட்டில் இயல்பாகப் புழங்கியமைக்கான சான்றொன்றையும் உடன் தள்ளிவிடுகிறது.