ஜெரமியின் குழல்

மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ நாவலை ஜெரமி சிம்ஸுக்காகவே மறுபடி படிக்கலாம். 1930களின் மிசிசிப்பி. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து. கறுப்பினப் பிள்ளைகளுக்குச் செம்மண் சாலை. வெள்ளைச் சிறுவன் ஜெரமியோ பேருந்தை விட்டு, கறுப்பினக் குடும்பமான லோகன் வீட்டுப் பிள்ளைகளோடு நடக்கிறான். அதற்காக வீட்டில் அடியும் வாங்குகிறான். கிறிஸ்துமஸுக்குத் தானே செய்த குழலை அவர்களில் ஒருவனான ஸ்டேசிக்குக் கொண்டுவருகிறான். இந்தச் சிநேகம் பின்னால் ஆபத்தாகலாம் என்று ஸ்டேசியின் அப்பா மகனை எச்சரிக்கிறார். கல்நெஞ்சர் அல்லர் அவர், பட்டறிந்தவர். அதன்பின் ஸ்டேசி குழலை ஊதுவதில்லை. தூக்கி எறியவும் மனமில்லை, பெட்டியில் பத்திரப்படுத்துகிறான். அன்பு எல்லாவற்றையும் வென்றது என்று முடிக்கும் கதைகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. டெய்லர் அந்தச் சுலப வழியில் போகவில்லை. 1977இல் நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலைச் சிறுவர் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.